கசியும் ஏழாம் நம்பர்

“ஏழாம் நம்பரைத் தூக்கிக் குப்பையில போடும்மா. அது உருப்படாது” என்றார் பேராசிரியர்.

அவர் சொன்னது மைக்ராஸ்கோப்புக்கு அடியில் கிடந்த தபால்தலை அளவுக் கண்ணாடித் துண்டை. அதற்குள் ஒருவர் ரத்தத்திலிருந்து பிரித்த செல்களைக் கொண்டு, முடி கனத்தில் ஒரு ரத்தக்குழாயை வளர்த்திருந்தாள் ஆய்வு மாணவி.

ரத்தக்குழாய் நோய் உள்ளவர்களின் குழாய் கசிய வேண்டும்; ஆரோக்கியமானவர்களின் குழாய் கசியக் கூடாது. கட்டுரையே அதுதான். ஏழாம் நம்பர் ஆரோக்கியமான ஆள், ஆனால் உள்ளே விட்ட சாயமெல்லாம் வெளியே வந்துகொண்டிருந்தது.

“மூணு தடவை புதுசா வளர்த்துட்டேன் சார். மூணும் கசியுது.”

“ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். உனக்குக் கை சரியில்ல. இனியும் கசிஞ்சா வேற ஆளைப் பார்த்துக்கறேன்.”

அவள் குப்பைத் தொட்டியைக் காலால் தள்ளி வைத்தாள். மூன்று வருட உழைப்பு அது.

“கை சரியில்லன்னா மத்த ஒன்பது பேரோடது எப்படி சார் நல்லா வந்துச்சு? ரத்தம் கொடுத்தவருக்கே ஏதாவது நோய் இருந்தா? காலையிலயே டாக்டருக்கு எழுதிட்டேன்.”

எந்த நம்பர் யார் என்பது மருத்துவமனை டாக்டருக்கு மட்டும்தான் தெரியும். ஆரோக்கியமானவர்களை வெளியே தேடச் சோம்பல்பட்டு, துப்புரவுப் பணியாளர் தொடங்கி ஆய்வுக்கூடத்தில் ஒருவரையும் விடாமல் ரத்தம் எடுத்திருந்தார்கள்.

“என்னைக் கேட்காம எதுக்கு எழுதின?” என்று பேராசிரியர் ஆரம்பிக்கும்போதே கதவு திறந்தது. டாக்டர் நின்றிருந்தார்.

“ஏழாம் நம்பர் விஷயமாத்தான் வந்தேன். இன்னைக்கே ஸ்கேன் எடுத்துப் பார்த்துடணும். போன்ல சொல்ற விஷயமில்ல. கொஞ்சம் தனியாப் பேசணும்.”

மாணவி தன் கையில் ஊசி குத்திய இடத்தைத் தடவிக்கொண்டாள். அவளும் ரத்தம் கொடுத்தவள்தான்.

பேராசிரியர் அவளைப் பார்த்தார். திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

“உட்காரும்மா. கட்டுரை கிடக்கட்டும், எத்தனை நாள் வேணும்னாலும் லீவு எடுத்துக்கோ. நீங்க பேசுங்க டாக்டர், நான் வெளியில இருக்கேன்.”

டாக்டர் வழி விடவில்லை.

“அவங்க வெளியில இருக்கட்டும். நீங்க உட்காருங்க சார்.”