பதினாலு ஊசி

"கடிச்ச நாய் இப்ப எங்கை?"

ஆஸ்பத்திரித் தாதி குணலட்சுமி மிஸி பதிவுப் புத்தகத்தை விட்டுத் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"செத்துப்போச்சு, மிஸி."

அற்புதராணி தயங்காமல் சொல்லிவிட்டாள். நாலு பேரைக் கண்டால் வாய் திறக்காதவள். குருநகரிலிருந்து நடந்து வந்த வழி முழுக்க இந்த ஒரு வசனத்தைத்தான் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தாள்.

வீட்டு நாய் ரோசி சாகவில்லை. காலையில் வைத்த பழஞ்சோற்றை வழித்து நக்கிப்போட்டு, வளவுப் பூவரசில் கட்டுண்டு கிடந்தது. குட்டியைத் தூக்கப் போன நாலு வயது மகள் ஸ்ரெல்லாவின் காலில் அது பல்லைப் பதித்தது முந்தின நாள்.

பக்கத்து வீட்டுக்காரி யோசப்பின்தான் படிப்பித்து அனுப்பியிருந்தாள்.

"நாய் உயிரோடை நிக்குதெண்டு வாய் தவறியும் சொல்லிப்போடாதை. பத்து நாள் கட்டி வைச்சுப் பாருங்கோ, விசர் பிடிச்சால் வாங்கோ எண்டு திருப்பி விடுவினம். பத்து நாளும் நெஞ்சிடியோடை கிடக்கப் போறியோ?"

மிஸி வரிசை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்: "மருந்துக் கப்பல் வந்து ரெண்டு மாதம். நாய்க்கடி ஊசி பதினாலுதான் இருக்கு. ஒரு ஆளுக்குப் போடத்தான் காணும்."

"மிஸி, அப்ப என்ரை பிள்ளை?"

அற்புதராணிக்குப் பின்னால் நின்ற கமலாவதி. மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூட முகாமில் இருப்பவள். மகனைத் தெருநாய் ஒன்று கடித்துப்போட்டு ஓடிவிட்டது.

"வரிசைப்படிதான் அம்மா," என்றார் வரிசையை ஒழுங்குபடுத்திய அற்றென்டன்.

"முகாமிலை தண்ணிக்கும் வரிசை, மாவுக்கும் வரிசை. உயிருக்குமோ தம்பி?"

பிறசர்க் குளிசைக்கு வந்திருந்த இளைப்பாறின தபாலதிபர் அருளம்பலத்தார் குரலைச் செருமினார்.

"வரிசையை விடுங்கோ. ஆருக்கு ஆபத்துக் கூட எண்டு பாருங்கோ. உங்கடை நாய் காணாமல்தான் போனது. இவவின்ரை நாய் செத்தே போச்சு. செத்த நாய் கடிச்ச பிள்ளைக்குத்தான் முதல். இது தருமாஸ்பத்திரி. இஞ்சை அதுதான் ஞாயம்."

வரிசை தலையாட்டியது.

கமலாவதி ஸ்ரெல்லாவைப் பார்த்தாள். "சரி. அந்தப் பிள்ளையாவது தப்பட்டும்," என்று சொல்லி, மகனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.



"பெட்டைப்பிள்ளையை விட்டிட்டு நீர் வெளியிலை நில்லும்," மிஸி அதட்டினார். "தாய்மார் நிண்டால் பிள்ளையள் கூடக் கத்துங்கள்."

பின்னேரம் கணவன் லியோன் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"இஞ்சேருங்கோ, விடியப் போய் மிஸியிட்டை உள்ளதைச் சொல்லப்போறன்."

"நாய் கடிச்சது பிள்ளையையோ, உன்னையோ? விசர்க் கதை கதைக்கிறாய்!"

"அந்தப் பிள்ளையும் பிள்ளைதானே."

"பொய் சொன்னது பாவமெண்டால் ஞாயிற்றுக்கிழமை சாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனம் செய். முடிஞ்சுது."

"சாமியார் பாவத்தைத்தான் எடுப்பார். அந்தப் பிள்ளைக்கு மருந்தை எடுத்துக் குடுப்பாரோ?"

லியோனின் கை வலையிலேயே நின்றது. கலியாணம் முடித்து ஐந்து வருடத்தில் அவள் எதிர்த்துச் சொன்ன முதல் கதை அது.

மறுநாள் வரிசையில் அவள் நிற்கவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே மேசைக்குப் போனாள். முதல் நாள் குளிசை கிடைக்காத அருளம்பலத்தார் மேசையடியில் நின்றார்.

"மிஸி, நாய் சாகேல்லை. கட்டித்தான் கிடக்கு. நான் பொய் சொன்னனான்." பிள்ளையை முன்னுக்கு நிறுத்தினாள். "மிச்சப் பதின்மூண்டையும் மயிலிட்டி அக்காவின்ரை பிள்ளைக்குப் போடுங்கோ. எந்த முகாமெண்டு சொல்லுங்கோ. நானே போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

"கேட்டியளே கதையை!" அருளம்பலத்தார் பாய்ந்தார். "உப்பிடி ஆக்களாலைதான் தரும மருந்து உரியவைக்குப் போய்ச் சேருறேல்லை. உவவின்ரை பேரை வெட்டுங்கோ, மிஸி!"

"ஐயா, சத்தம் போடாதேங்கோ. பிறசர் ஏறும், குளிசையும் இல்லை."

மிஸி அற்புதராணியை மறைப்புத் தட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"அந்தப் பிள்ளைக்கு நேற்றே தொடங்கியாச்சு. வாசலடியிலை வைச்சு அற்றென்டனைக் கொண்டு கூப்பிடுவிச்சனான். இண்டையான் ஊசியும் இப்பதான் போட்டது."

"அப்ப ஸ்ரெல்லாவுக்குப் போட்டது?"

"விற்றமின் ஊசி."

அற்புதராணி ஸ்ரெல்லாவைக் குனிந்து பார்த்தாள்.

"உம்மடை மகள் ஊசியைக் கண்டவுடனை, 'ரோசிக்கும் போடுவியளோ, அதுவும் வீட்டிலை கட்டிக் கிடந்து அழுகுது' எண்டு கேட்டாள். டொக்டரிட்டைச் சொன்னன். பின்னேரம் சைக்கிளிலை வந்து உங்கடை வேலியாலை எட்டியும் பாத்தனான். நாய் நல்ல சுகம். என்னைக் குலைச்சுக் கலைச்சுப்போட்டுது. பத்து நாளும் கட்டி வைச்சுப் பாரும். ஒரு சின்ன மாற்றம் தெரிஞ்சாலும் ஓடி வாரும், எங்கையெண்டாலும் மருந்து தேடித் தருவன்."

"ஏன் மிஸி, நேற்றே என்னை ஏசேல்லை?"

குணலட்சுமி மிஸி ஸ்ரெல்லாவின் தலையைத் தடவினார்.

"எனக்கும் ஒரு பெட்டைப்பிள்ளை இருக்கு. உம்மடை இடத்திலை நிண்டிருந்தால் நானும் அந்த நாயை வாயாலை சாக்காட்டித்தான் இருப்பன். விடிய வந்து அதை உயிர்ப்பிச்சிருப்பனோ எண்டதுதான் தெரியாது."