சனிக்கிழமை உப்பு

"ஓய்வுநாள்ல உப்பளத்துல இறங்கினியா, இல்லியா? அதை மட்டும் சொல்லு!"

மூப்பர் எசேக்கியல் போட்ட சத்தத்தில் ஜெபக்கூடத்துத் தகரமே அதிர்ந்தது. சுனாமிக்கு அப்புறம் அவசரமாகக் கட்டின கூடம். கோடையில் அதற்குள் உட்கார்ந்திருப்பதே ஒரு தண்டனைதான். இருந்தாலும், சனிக்கிழமை ஓய்வுநாள் ஆராதனை முடிந்து ஒருத்தரும் எழுந்து போகவில்லை. இப்படி ஒரு விசாரணையை விட்டுவிட்டு யாருக்குத்தான் வீட்டுக்குப் போக மனசு வரும்?

சாமுண்டீஸ்வரி எழுந்து நின்றாள். ஞானஸ்நானத்தில் தொற்காள் என்று பேர் வைத்தார்கள். மரக்காணத்தில் ஒருத்தரும் அப்படிக் கூப்பிடவில்லை. அவளும் அதற்காகக் கவலைப்படவில்லை.

"இறங்கினேங்க ஐயா. போன சனிக்கிழமை காலையில."

"பார்த்தீங்களா, துளியாவது வெட்கம் இருக்குதா பாருங்க!"

"எதுக்குங்க வெட்கம்? திருடவா போனேன்? உப்பு வாரத்தானே போனேன்!"

பெண்கள் பக்கம் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். மூப்பர் திரும்பிப் பார்த்ததும் அது இருமலாகிவிட்டது.

மூப்பருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? அவருக்கும்தான் உப்பளம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் மறுநாள் பொழுது சாயும்வரை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். அப்படியொரு பக்தி.

சாமுண்டீஸ்வரி மட்டும் என்ன, லேசுப்பட்டவளா? சனிக்கிழமை வேலைக்கு வர மாட்டேன் என்று சொன்னதற்கு ஒரு அளத்துக்காரர் அவளை வேலையிலிருந்து நிறுத்தியபோது, "போய்யா" என்று வந்துவிட்டவள். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிற நாத்தனார், "நரகத்து நெருப்பு அணையவே அணையாது, தெரியுமா?" என்று பயமுறுத்தினாள். "எங்க சபையில அணைஞ்சிடும்டி. கெட்டவன் எரிஞ்சு சாம்பலானா கதை முடிஞ்சுது. காலத்துக்கும் வறுத்துக்கிட்டே இருக்க ஆண்டவருக்கு வேற வேலை இல்லியா?" என்று திருப்பிக் கேட்டவள்.

அவளைத்தான் இன்றைக்குச் சபையை விட்டு நீக்கப் பார்க்கிறார்கள். புருஷன் செத்த அன்றைக்குச் சொந்தக்காரன் ஒருத்தன்கூட எட்டிப் பார்க்கவில்லை. பாடையைத் தூக்கியது இந்தச் சபைதான். இதுவும் போனால் அவளுக்கு ஊரில் யார்? ஆனாலும் அவள் தலை குனியவில்லை.

"எதுக்கு இறங்கினே?"

"மேகம் கட்டிக்கிச்சு. மழைக்கு முந்தி வாரலேன்னா விளைஞ்ச உப்பெல்லாம் கரைஞ்சு போவும். விஜயலட்சுமிக்கு இது எட்டாம் மாசம். குனிஞ்சா நிமிர முடியல. வரலேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்னு மேஸ்திரி சொல்லிட்டானாம். ஜெபத்துக்கு வர்ற வழியில பார்த்தேன். அவளைக் கரையில உட்கார வெச்சுட்டு, பலகையைப் பிடுங்கி நான் வாரினேன். அவ்ளோதாங்க."

"அவ யாரு? நம்ம சபையா?"

"இல்லீங்க. திரௌபதை அம்மன் கோயில்ல தீ மிதிக்கறவ. நெருப்பெல்லாம் அவளுக்குப் பழக்கம்தான்."

மறுபடியும் இருமல். மூப்பர் மேசையைத் தட்டினார்.

"வேலை செஞ்ச உன்னைவிட, ஓய்வுநாள்ல வேலை வாங்கினான் பாரு, அவன்தான் பெரிய பாவி. யார் பாத்தி அது? பேரைச் சொல்லு!"

சாமுண்டீஸ்வரி வாயைத் திறந்தாள். முன்வரிசையில் மூப்பரின் மனைவி ஞானம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் போன துக்கத்தில் சோறு தண்ணியில்லாமல் கிடந்தவளுக்குக் கஞ்சி ஊற்றிய மகராசி. சாமுண்டீஸ்வரி வந்த பேரை அப்படியே முழுங்கிவிட்டாள்.

"அது வேணாங்க ஐயா."

"ஏன் வேணாம்?"

"என்னை நீக்கணும்னா நீக்குங்க. இன்னொரு ஓய்வுநாள்ல அவ முடியாம நின்னாலும் நான் இறங்கத்தான் போறேன். அடுத்தவங்க பேரை என் வாயால சொல்ல மாட்டேன்."

"திமிரைப் பாரு! துன்மார்க்கனை மறைக்கிறவளும் துன்மார்க்கிதான். அவனுக்கும் உனக்கும் ஒரே அக்கினி. காலத்துக்கும் எரிவீங்க!"

"காலத்துக்கும் எரியறது ஞாயித்துக்கிழமை சபையிலங்க. நம்ம சபையில சாம்பல்தானே?"

இந்தத் தடவை ஆண்கள் பக்கமும் சிரித்துவிட்டார்கள். மூப்பருக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது.

"எதுவோ ஒண்ணு! அந்த அளத்துக்காரன் எரியணும்! எல்லாரும் ஆமென் சொல்லுங்க!"

"ஆமென்!" என்றது சபை. சாமுண்டீஸ்வரி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அப்போது வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. மேஸ்திரி கலையரசன் மூச்சு வாங்க எட்டிப் பார்த்தான்.

"ஐயா, தப்பா நினைச்சுக்காதீங்க. மறுபடியும் மேகம் கட்டிக்கிட்டு வருது. போன சனிக்கிழமை மாதிரியே நம்ம பாத்தியில ஆளை இறக்கிட்டேன். மூடறதுக்குத் தார்ப்பாய் வேணும். போன வாரம் வெள்ளிக்கிழமையே ஷெட்டு சாவியைக் குடுத்துட்டீங்க. இந்த வாரம் மறந்துட்டீங்க பாருங்க!"

சொன்ன ஆமெனை எப்படித் திரும்ப வாங்குவது என்று சபைக்குத் தெரியவில்லை. ஞானம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மூப்பரின் கை தன்னால் இடுப்புச் சாவியைப் போய்ப் பொத்தியது.

"ஏம்பா கலை, விஜயா வந்திருக்காளா?" என்று கேட்டாள் சாமுண்டீஸ்வரி.

"வந்திருக்கா. முடியாமதான் நிக்கறா."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக மூப்பர் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"சாவியைக் குடுங்க ஐயா. அவ உட்காரட்டும், உங்க உப்பை நானே வாரறேன். எரியறதை நாம அப்புறமா சேர்ந்தே எரிஞ்சுக்கலாம்."