காதுக்குப் பொருந்துவது

இரண்டாவது ஜோடி இயர்போனைக் காதில் செருகியதும், எட்டாண்டுகளாகக் கேட்டுவந்த தன் கல்யாணப் பதிவில் மேளம் பேசுவதை இபிதுன் முதன்முறையாகக் கேட்டாள்.

முதல் ஜோடியில் அது பேசவில்லை. நெஞ்சுக்கூட்டை அதிரவைத்ததே தவிர, ஒரு சொல்லும் எழவில்லை.

அதே போன், அதே பதிவு, அவளுடைய அதே இரண்டு காதுகள். பின் எப்படி?

"மேடம், யோசிக்காம முதல் ஜோடியை எடுத்துக்கங்க" என்றான் கடைக்காரன் ஒபியோரா, இகேஜா சந்தையின் ஜெனரேட்டர் இரைச்சலுக்கு மேலாக. "அந்த பேஸைக் கேட்டா, புதைச்ச பொணமும் எந்திரிச்சு ஒரு ஆட்டம் போட்டுட்டுத்தான் திரும்பப் படுக்கும்."

ஒபியோரா இக்போ இனத்துக்காரன். கக்கத்தில் இடுக்கி அடிக்கும் அந்த மேளம் அவனுக்கு வெறும் ஓசை. யொருபா இனத்தவளான இபிதுனுக்கோ அது மொழி. எழுத்தெல்லாம் உதிர்ந்து ஏற்ற இறக்கம் மட்டுமே எஞ்சிய மொழி.

பதிவைப் பின்னுக்குத் தள்ளி மறுபடி கேட்டாள்.

ஐந்து ஒலிகள். தாழ்ந்தது, உயர்ந்தது. பிறகு தாழ்ந்து, நடுவில் நின்று, மறுபடி தாழ்ந்து அடங்கியது.

இரட்டையரின் தாயே!

மணப்பெண்ணை அப்படி வாழ்த்துவது அவர்கள் வழக்கம்தான். ஆனால் அவளை அப்படி ஒருவன் வாழ்த்தியிருக்கிறான் என்பதே அவளுக்கு இந்த நொடிவரை தெரியாது.

எட்டாண்டுகள்! ஒரு குழந்தைக்காக எத்தனை மருத்துவமனைகள், எத்தனை பிரார்த்தனை மலைகள், மாமியார் காய்ச்சி நீட்டிய எத்தனை வேர்க்கஷாயங்கள்! ஊசி ஏறியது அவள் உடலில். ஏச்சு விழுந்தது அவள் தலையில். மருத்துவர் அழைத்தபோதெல்லாம் கணவன் அடிசா அனுப்பிய பதில் ஒன்றுதான்: தன்னிடம் குறையில்லை. அந்த உறுதி அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கும் உரிமை மனைவிக்கு உண்டென்பதை அவளுக்கு எவரும் சொல்லித்தரவில்லை.

வரும் ஞாயிறு அவன் வீட்டார் கூடுகிறார்கள். பெரியவர்கள் முன் மண்டியிட்டு, குறை என்னுடையதே என்று அவள் தன் வாயால் சொல்ல வேண்டும். இன்னொருத்தி வருவதற்கு இசைய வேண்டும். சொல்லிவிடுவதென்றே இபிதுன் முடிவுசெய்திருந்தாள்.

இப்போது இந்த ஐந்து ஒலிகள்.

ஆனால் ஒன்று புரியவில்லை. வாழ்த்தை மும்முறை அடிப்பதுதான் மேளக்காரர் முறை. இவன் ஒருமுறை அடித்தான், இரண்டாம் முறை தொடங்கினான், பாதியில் நிறுத்தினான். ஒரு பணநோட்டு சரசரத்தது. உடனே மேளம் வேறு யாருடைய புகழையோ பாடப் போய்விட்டது.

வாழ்த்தைப் பாதியில் யாராவது நிறுத்துவார்களா? கோளாறு இயர்போனிலா, பதிவிலா?

ரப்பரை மாற்றிப் போட்டுக் கேட்டாள். இடக்காதில் இருந்ததை வலக்காதுக்கு மாற்றிக் கேட்டாள். காதில் ஒன்று இருப்பதே தெரியாத அளவுக்கு அது மெத்தென்று பொருந்தியது. மேளம் மட்டும் அதே இடத்தில் அறுந்தது.

கடை வாசலில் நின்று சுட்ட சோளம் கொறித்துக்கொண்டிருந்த அடிசாவைக் கூப்பிட்டாள்.

"இதைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன். சத்தம் தெளிவா இருக்கா?"

மேளம் எங்கே அறுந்தது என்று அவள் சொல்லவில்லை.

சிரித்துக்கொண்டே செருகிக்கொண்டான். தன் கல்யாணத்தைக் கேட்டதும் அவன் தலை ஆடியது, தோள்கள் ஆடின.

பிறகு ஆட்டம் நின்றது. இரண்டு காதிலிருந்தும் ஒரே இழுப்பில் பிடுங்கினான்.

"ச்சே, என்னமாக் குத்துது! காது வலிக்குது."

"ஓகா, பெரியவரே, ரெண்டுலயும் ஒரே ரப்பர்தான்!" ஒபியோராவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "தூங்குற கொழந்தை காதுல வெச்சாக்கூட முழிக்காது. உங்களுது என்ன, மந்திரி வீட்டுக் காதா?"

"வாயை மூடிட்டு முதல் ஜோடியைக் கட்டு. பேஸ்னா அதுதான் பேஸ்."

இபிதுன் கணவனையே பார்த்தாள். அவள் காதில் பஞ்சாய் இருந்தது அவன் காதில் எப்படி முள்ளானது? காதுக்குக் காது துளை வேறுபடுமோ? அப்படியென்றால் முதல் ஜோடி குத்தாதென்று அவனுக்கு எப்படித் தெரியும்? அதை அவன் இன்னும் போட்டே பார்க்கவில்லையே?

அவள் பார்வை தன்மேல் நிலைத்திருப்பதை அடிசா கண்டான். அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"நீ நெனைக்கிற மாதிரி இல்ல, இபி. அந்த மேளக்காரன் என்னைக் கூப்பிடல."

அவள் எதையும் நினைத்திருக்கவில்லை.

ஓசையின்றி அவள் உதடுகள் அசைந்தன. இயா: தாய். தாழ்ந்து, உயர்ந்தது.

பாபா: தந்தை.

தாழ்ந்து, உயர்ந்தது.

மேளத்துக்கு இரண்டும் ஒரே அடி. இரட்டையரின் தந்தையே!

ஒபியோரா முதல் ஜோடியைச் சுருட்டிப் பையில் போட்டான். இபிதுன் கைநீட்டித் தடுத்தாள்.

"அது வேணாம் தம்பி. அவருக்கு வலிக்குதுன்னாரே, அதைக் குடு."