கடல் பார்த்த வீடு

கண் விழித்ததும் எதிரே கடல். இந்தக் காட்சிக்காகத்தான் கோடையில் பாதி ஐரோப்பா ஸ்பெயினின் இபிசா தீவுக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு வருகிறது. மர்கலிதாவுக்கு அது தினமும் ஓசியில் கிடைத்தது. சோம்பல் முறித்தபடி வேன் கதவைத் திறந்தாள்.

விடிய விடிய ஆடிவிட்டு, முகமெல்லாம் ஜிகினாவோடு ஒரு கும்பல் மணலில் தள்ளாடி வந்தது. நெற்றியில் கட்டுப் போட்டிருந்த ஒருவன் அவளைப் பார்த்து நின்றான்.

"இதுதாங்க வாழ்க்கை! வேன்லயே ஊர் சுத்தறீங்க. வீட்டைப் பத்திக் கவலையே இல்ல!"

"ஆமாப்பா. வீடு இருந்தாத்தானே கவலை."

பால்கனியிலிருந்து நீச்சல்குளத்தில் குதிக்கப் பார்த்து, குறி தப்பிய நெற்றி அது. முந்தாநாள் அதற்குத் தையல் போட்டதே மர்கலிதாதான். அந்த வீரனுக்கு நினைவில்லை. அவள் உள்ளூர்க்காரி, அரசு மருத்துவமனை டாக்டர். மே மாதம் பிறந்ததும், "டூரிஸ்ட் வர்ற நேரம்மா" என்று வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்ன மகான் அவளுடைய சொந்தச் சித்தப்பா.

கும்பல் நகர்ந்ததும் போலீஸ்காரன் பியெல் வந்தான். தலையில் ஈரம் சொட்டியது, சீருடை கசங்கியிருந்தது. இவனும் ராத்திரியெல்லாம் எங்கேயோ ஆடிவிட்டு, கடலில் ஒரு முழுக்குப் போட்டு வருகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

"டாக்டர், இங்க வண்டியில தங்கக் கூடாது. உடனே காலி பண்ணுங்க. உங்க வேன் கடலை மறைக்குதுன்னு ஹோட்டல்லேர்ந்து புகார் வந்திருக்கு."

"ஏம்ப்பா, என் ஓட்டை வேன் மறைக்குது, அந்த ஏழு மாடி ஹோட்டல் மறைக்கலையா?"

"அது கடலைக் காட்டுது டாக்டர்."

சட்டத்தை இதைவிடத் தெளிவாக யாராலும் விளக்க முடியாது.

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுப்பா. சாயங்காலம் எனக்கு டியூட்டி."

"முடியாது டாக்டர். இப்பவே எடுக்கணும்."

மர்கலிதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தீவில் வேறெங்கும் வேனை நிறுத்த விடமாட்டார்கள். இந்த இடமும் போனால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பலேற வேண்டியதுதான். பிறந்த ஊரில் படுக்க இடமில்லை என்று ஓடுவதை நினைத்தாலே அவமானமாக இருந்தது.

"உனக்கென்னப்பா! சட்டம் பேசிட்டு வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிடுவே. நான் எங்க போவேன்?"

பியெல் தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

அவள் ஆத்திரத்தோடு இன்ஜினைக் கிளப்பினாள். அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஜன்னலருகே குனிந்து குரலைத் தாழ்த்தினான்.

"நீங்க நகர்ந்ததும் என் வேனை இங்க போட்டுப் படுத்துக்கறேன் டாக்டர்... புகார் வந்தா என்கிட்டதானே வரும்!"