பெட்டிக் கேமரா

ஜெயபாலனின் படக்கடைக்குள் கிராணி இராஜசிங்கம் கால் வைத்ததுமே அவனுக்கு எரிச்சல் மூண்டது. ஜப்பான்காரன் வந்ததிலிருந்து ஈப்போ ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு ஊதிக் கிடக்கிறது. ரயில்வேயில் கணக்கெழுதும் இந்தக் கிராணி மட்டும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் ஜப்பான்காரன் கொடுத்த கைப்பட்டையுமாக வந்து நிற்கிறார்.

கூடவே ஸ்டேஷன் காவல்காரன் சன்னாசி. யார் எதைப் பேசினாலும் ஒன்றுக்கு இரண்டாகச் சேர்த்து ஜப்பான்காரனிடம் போட்டுக் கொடுக்கிறவன். நல்ல ஜோடி என்று நினைத்துக்கொண்டான் ஜெயபாலன்.

இராஜசிங்கம் கேமரா வாங்க முத்திரை குத்திய பர்மிட்டை மேசைமேல் வைத்தார்.

"ஒரு கேமரா வேணும், ஜெயபாலன். எங்கட ஜப்பான் பெரியவருக்கு. குடும்பப் படம் எடுக்கோணும். ஓடுற ரயிலையும் பிடிக்கோணும்."

"ஓடுற ரயிலா?"

"ஓம். வியாழக்கிழமை சயாமுக்கு ஒண்டு போகுது. காம்பாரில தோட்டத்து ஆக்களை ஏத்திக்கொண்டு வரும், ஈப்போவில நில்லாது. பெட்டி வாசல்ல நிக்கிற ஆக்களின்ட முகம் தெளிவா விழோணும்."

ஜெயபாலனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சயாம் காட்டில் தண்டவாளம் போடத் தோட்டத்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும் ரயில் அது. போனவர்களில் ஒருவர்கூட இதுவரை ஊர் திரும்பவில்லை. அவர்கள் அழுதுகொண்டு போவதைப் படம் பிடித்து, பெண்டாட்டி பிள்ளைகள் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி ரசிக்கப் போகிறானாம் ஒருவன். அதற்குக் கேமரா பொறுக்க ஒரு தமிழன் வந்து நிற்கிறார். தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பா.

இராஜசிங்கத்தின் கண் சுவரில் மாட்டியிருந்த படங்களில் அலைந்தது.

"உங்கட தம்பி சீனியின்ட படம் ஒண்டும் இல்லையோ?"

ஜெயபாலனுக்குத் திக்கென்றது. காம்பார் தோட்டத்தில் வேலை செய்த சீனி, அங்கே ஆள் பிடித்த அன்று காட்டுக்குள் ஓடித் தப்பிவிட்டான் என்று போன வாரம்தான் தகவல் வந்திருந்தது. அடப் பாவி, காட்டிக் கொடுக்கப் படம் தேடுகிறாயா என்று பல்லைக் கடித்தான்.

"அவன் கேமரா முன்னால நிக்கவே மாட்டான்லா. படம் பிடிச்சா ஆயுசு குறையும்னு அம்மா சொல்லி வளத்துட்டாங்க. அண்ணன் படக்கடை வச்சும் அவன் படம் ஒண்ணுகூட இல்ல."

உண்மையும் அதுதான். இராஜசிங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் நின்ற சன்னாசியைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

மேசைக்கு அடியில் ஜெர்மன் மடிப்புக் கேமரா ஒன்று இருந்தது. பாய்கிற குதிரையைக் குளம்பு தெரியப் பிடித்துவிடும். ஜெயபாலன் அதைத் தொடவே இல்லை. அலமாரியிலிருந்து பழைய பெட்டிக் கேமராவை எடுத்துத் துடைத்து வைத்தான். அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் அது சரிப்படும்.

"ஓடுற ரயிலுக்கு இது காணுமோ?"

"பறக்கிற குருவியே விழும்லா, ஐயா." கொஞ்சமும் கூசாமல் சொன்னான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இராஜசிங்கம் தனியாக வந்தார். கஞ்சி போட்ட சட்டை கசங்கியிருந்தது. பிலிமைக் கொடுத்துக் கழுவித் தரச் சொன்னவர், கடைக் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

இருட்டறையில் படங்கள் ஒவ்வொன்றாகத் தெளியத் தெளிய ஜெயபாலனுக்கு வாயெல்லாம் இனித்தது. ரயில் படங்களில் ஒரு முகம்கூட இல்லை. வாசலில் நின்றவர்கள் எல்லாம் கரித்துணியால் இழுத்துத் தேய்த்த மாதிரி கோடு கோடாக இருந்தார்கள். வைத்து ரசிக்கட்டும் அந்தப் பெரிய மனுஷன்.

ஈரம் காயாத படங்களை மேசையில் பரப்பினான்.

"எல்லாம் ஆடிப்போச்சுலா, ஐயா. ரயில் வேகம் ஜாஸ்தி."

இராஜசிங்கம் மூன்றாவது படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். 

"பெரியவருக்குக் குடும்பப் படம் மட்டும்தான் வேணும். ரயிலைக் கேட்டது நான், பிடிச்சதும் நான். சன்னாசி நிண்டதால அண்டைக்குச் சொல்ல ஏலாமப் போச்சு."

"என்ன சொல்ல?"

"காம்பாரில ஏத்தப் போற ஆக்களின்ட பட்டியல் முதல்ல என்ட கைக்குத்தான் வந்தது. காட்டுக்குள்ள ஓடினவங்களையும் பிடிச்சுச் சேர்த்திருந்தாங்கள், அதில பேரைக் கண்டன். தடுக்க எனக்கு வழியில்லை. உங்கட வீட்டில ஒரு படமாவது இருக்கட்டும் எண்டு நினைச்சன்."

ஜெயபாலன் அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தான். பெட்டி வாசலில் ஒரு நீளக் கோடு இருந்தது. அதிலிருந்து ஒரு சின்னக் கோடு மேலே எழும்பியிருந்தது.

இராஜசிங்கம் அந்தச் சின்னக் கோட்டில் விரல் வைத்தார். "கை ஆட்டுறது சீனி."