வாசலில் நின்ற இன்சுலின்

இன்சுலினுக்கு ஒரே வேலைதான். ரத்தத்தில் சர்க்கரை வந்ததும் தசைச் செல்லின் கதவைத் தட்டி, "சர்க்கரை வந்திருக்கு, திற!" என்று குரல் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் முதல் தட்டிலேயே திறந்துவிடும். இப்போதோ கை வலிக்கத் தட்டியும் கதவு அசையவில்லை.

"டீ, பன்னு, ஜிலேபின்னு விடிஞ்சதுலேர்ந்து ஓயாம தட்டுறே. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு, போ!" என்றது கதவு.

இன்சுலின் கொதித்துப்போனது. "தின்னது யாரோ, திட்டு எனக்கா? உள்ளே உன் செல் பசியில சுருண்டு கிடக்குது. வெளியே சர்க்கரை தெருவை அடைச்சுக்கிட்டு நிக்குது!"

கதவு இன்னும் இறுக மூடிக்கொண்டது. இன்சுலின் தொண்டை கிழியக் கத்தியது: "சர்க்கரை வந்திருக்கு!"

ஒருநாள், ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் அந்த உடம்புக்காரரிடம் சொன்னார்: "உங்களுக்குச் சர்க்கரை வந்திருக்கு."

"அடப்பாவிகளா!" என்றது இன்சுலின். "அதைத்தானேடா இத்தனை வருஷமா வாசல்ல நின்னு கத்திக்கிட்டிருக்கேன்!"