பலகையின் மறுபக்கம்

"ட, ப, ய, ர, ம. கடைசி வரி சரிதானே பாப்பா?" என்றார் குத்துச்சண்டைக்காரர்.

"சரிதான்ப்பா." கண் மருத்துவமனை நடைபாதையைத் துடைத்துக்கொண்டிருந்த மகள் நிமிரவில்லை. அவளுக்கு அங்கே துப்புரவு வேலை.

போன சண்டையில் வாங்கிய குத்துக்குப் பிறகு அவருடைய இடது கண்ணில் வெறும் மூட்டம்தான். டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் மறுபடி மேடை ஏறலாம். வலது கண்ணைச் சோதித்ததும் டாக்டர் பார்வை சோதிக்கும் பலகையைத் திருப்பி வைப்பார். அதன் பின்பக்கத்தை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்து மனப்பாடம் செய்யவைத்தது மகள்தான்.

"இந்த ஒரு சண்டை ஜெயிச்சிட்டேன்னு வை, உன்னை இந்த வாளியைத் தொட விடமாட்டேன்."

"அதே கண்ணுல இன்னொரு குத்து விழுந்தா?"

"வாயைக் கழுவு. அடி வாங்குறது உன் அப்பனுக்குப் புதுசா?"

உள்ளே வலது கண் தேறியது. டாக்டர் அதை மூடிவிட்டுப் பலகையைத் திருப்பினார்.

"கடைசி வரியைப் படிங்க."

"ட, ப, ய, ர, ம." மூச்சு விடாமல் ஒப்பித்தார்.

டாக்டர் பேனாவை மூடினார். "இந்தப் பக்கம் எழுத்தே கிடையாதுங்க. எல்லாம் எண்."

வெளியே வந்தவர் மகள் முன்னால் நின்றார். "எண்ணுக்கும் எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?"

"தெரியும்ப்பா. தினமும் அந்தப் பலகையைத் துடைக்கிறதே நான்தான்."

அவர் விரல்கள் முஷ்டியாக இறுகின. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, மெல்லப் பிரிந்தன. குனிந்து அவளுடைய வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

மகள் அவருக்கு இடதுபக்கமாக வந்து சேர்ந்து நடந்தாள். அந்தப் பக்கம் அழுதால் அவருக்குத் தெரியாது.